சிமோலா மேட்டில் கார் பந்தயம்: டர்பனிலிருந்து போய்ப் பார்ப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் கடலோர ஊரான நைஸ்னாவிலிருந்து சிமோலா குன்றுக்கு ஏறும் பந்தயத் தடத்தின் நீளம் வெறும் 1.9 கிலோமீட்டர். மற்ற நாட்களில் அது குன்றின் மேலுள்ள கோல்ஃப் குடியிருப்புக்குப் போகிறவர்களின் சாதாரணத் தார்ச்சாலை. 2009-இல் தொடங்கிய சிமோலா ஹில் கிளைம்ப்புக்காக அதை அடைத்து, ஓரங்களில் தடுப்பு வைத்து, கார்களை ஒவ்வொன்றாக மேலே ஏறவிடுகிறார்கள். வழக்கமாக மே மாதத் தொடக்கத்தில் நடக்கும். வெள்ளிக்கிழமை பழைய கார்களுக்கு. சனியும் ஞாயிறும் புதிய சாலை கார்களுக்கும், மாற்றியமைத்த கார்களுக்கும், ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களுக்கும்.

இது கியாலாமி வட்டத் தடத்தில் நடக்கும் பந்தயம் மாதிரி இல்லை. இருபது கார்கள் ஒன்றையொன்று முந்துவதைப் பார்க்கப் போகிறவர் மதியத்துக்குள் சலித்துப்போவார். இங்கே ஒரு கார், ஒரு மேடு, ஒரு கடிகாரம், அவ்வளவுதான். நீங்கள் நிற்கும் இடத்தை ஒரு கார் கடந்து போக ஐந்து முதல் பத்து விநாடி ஆகும். அந்தப் பத்து விநாடிக்குள் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பொழுது போவதே தெரியாது. அதனால் பயணம், தங்குமிடம் பற்றித் தேவையான அளவு சொல்லிவிட்டு, பார்க்கும் முறையைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

எந்த நாள் போவது?

ஒரே ஒரு நாள்தான் முடியுமென்றால் எங்கள் வாக்கு வெள்ளிக்கிழமைக்கு. சனி, ஞாயிறு கார்கள் அதிவேகமானவை, ஆனால் அவற்றின் வேலையில் பாதியைக் கணினி பார்த்துக்கொள்கிறது. பழைய காரில் ஓட்டுநர் செய்வது எல்லாம் வெளியே தெரியும். உடல் சாய்வதும், பின்பக்கம் நழுவுவதும், ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்வதும் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்பவர் கண்ணிலேயே படும். செவ்ரான் பி19 காரில் ஃபிராங்கோ ஸ்கிரிபான்டே இந்தப் பழைய கார் நாளைப் பலமுறை வென்றவர். அந்தக் காரின் சத்தத்துக்காகவே ஒரு நாள் லீவு எடுக்கலாம்.

வேகம்தான் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். ஒவ்வொரு பிரிவிலும் முன்னணிப் பத்துப் பேர் கடைசியாக மோதுவது அன்றுதான். சாலை கார்களும் சூப்பர் கார்களும், மாற்றியமைத்த சலூன் கார்கள், ஒற்றை இருக்கை மற்றும் ஸ்போர்ட்ஸ் கார்கள் என மூன்று பிரிவு, மூன்று பட்டம். கூல்ட் ஜி.ஆர்.55 ஒற்றை இருக்கைக் காரில் ஆந்த்ரே பெசுடென்ஹவுட் இந்த மேட்டை 35 விநாடிக்கும் குறைவான நேரத்தில் ஏறியிருக்கிறார். நின்ற நிலையிலிருந்து கிளம்பி, வளைவுகளையும் தாண்டி, சராசரி மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துப்போவதானால் நாட்காட்டியை முன்கூட்டியே பாருங்கள். ஏப்ரல் 27-உம் மே 1-உம் அரசு விடுமுறை. பந்தயம் அதை ஒட்டி விழும் ஆண்டில் ஒரு நாள் லீவு மிச்சமாகும்.

டிக்கெட், தங்குமிடம், பயணம்

டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுங்கள். எடுக்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள்: கார்களை நிறுத்தித் தயார்செய்யும் பிட் பகுதிக்குள் போக அனுமதி உண்டா, வாகனம் நிறுத்தும் இடம் அதில் சேர்ந்ததா, நிறுத்துமிடத்திலிருந்து தடத்துக்கு எப்படிப் போவது. பிட் அனுமதி இல்லாமல் போவது கோயிலுக்குப் போய்க் கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது போல.

நைஸ்னா சின்ன ஊர். பந்தய வாரத்துக்கான அறைகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். கிடைக்கவில்லையென்றால் கிழக்கே சுமார் 35 கிலோமீட்டரில் பிளெட்டன்பர்க் பே, மேற்கே சுமார் 25 கிலோமீட்டரில் செட்ஜ்ஃபீல்ட், 60 கிலோமீட்டரில் ஜார்ஜ். இதில் ஒரு சிக்கல் உண்டு. என்2 நெடுஞ்சாலை நைஸ்னாவின் கடைத்தெரு வழியாகவே போகிறது. பந்தய நாள் காலையில் அங்கே வண்டிகள் ஊர்ந்துதான் நகரும். வெளியூரில் தங்கினால் வழக்கமான பயண நேரத்தோடு குறைந்தது முக்கால் மணி நேரம் சேர்த்துக் கிளம்புங்கள்.

விமானத்தில் வருவோருக்கு அருகில் இருப்பது ஜார்ஜ் விமான நிலையம். போர்ட் எலிசபெத் என்று இன்றும் பலர் சொல்லும் கெபெர்ஹாவில் இறங்கினால் வாடகைக் காரில் சுமார் 260 கிலோமீட்டர்.

டர்பனிலிருந்து காரிலேயே போகிறவர்களுக்கு என்2 வழியாக 1,200 கிலோமீட்டருக்கு மேல். ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். டர்பனிலிருந்து ஈஸ்ட் லண்டன் வரை ஒரு நாள், அங்கிருந்து கெபெர்ஹா வழியாக நைஸ்னா மறுநாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கோக்ஸ்டாட் தாண்டி உம்டாட்டா (இப்போது ம்தாதா) வழியாகப் போகும் பகுதியில் மாடும் ஆடும் சாலையில் நிற்கும், வேலி இருக்காது. இருட்டில் கறுப்பு மாடு கண்ணுக்குத் தெரியும்போது பிரேக் போட இடம் இருக்காது. டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்தோ ஃபீனிக்ஸிலிருந்தோ விடிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் அந்தப் பகுதியைப் பகல் வெளிச்சத்தில் கடந்துவிடலாம். கிளம்புமுன் டயர் காற்று, ஸ்டெப்னி டயரின் காற்று, கூலன்ட், எச்சரிக்கை முக்கோணம், ஜாக் எல்லாம் பாருங்கள். நாலு பேரும் சாமான்களும் ஏறினால் பின்டயருக்கு எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியின் உள்பக்கமோ எழுதியிருக்கும். கெபெர்ஹாவுக்கும் நைஸ்னாவுக்கும் இடையே சிட்சிகாமா சுங்கச்சாவடி உண்டு. அதை ஒட்டி 216 மீட்டர் உயர புளூக்ரான்ஸ் பாலமும் வரும்.

என்னென்ன எடுத்துப்போவது

மே மாதம் இங்கே இலையுதிர் காலம். நைஸ்னாவில் காலை ஏழு மணி வாக்கில்தான் விடியும், மாலை ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும். காலையில் 10 டிகிரி, மதியம் 20 டிகிரியைத் தாண்டும். டர்பன் குளிருக்குப் பழகியவர்கள் ஒரு ஸ்வெட்டரோடு நிறுத்திக்கொண்டு காலை முழுக்க நடுங்குவார்கள். பனியன், முழுக்கைச் சட்டை, ஸ்வெட்டர், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று அடுக்காகப் போட்டுவிட்டு வெயில் ஏற ஏறக் கழற்றுங்கள். நைஸ்னாவில் ஆண்டு முழுவதும் மழை பெய்யும், மழைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. குடை வேண்டாம், பின்னால் நிற்பவருக்கு மறைக்கும். ஈரப்புல் சரிவில் செருப்பு வழுக்கும், அடிப்பிடிப்புள்ள மூடிய காலணி போடுங்கள். ஆயா, தாத்தா வந்தால் மடக்கு நாற்காலி கட்டாயம்.

காதடைப்பான் எல்லோருக்கும் தேவை. 100 டெசிபல் சத்தத்தைக் காது 15 நிமிடம்தான் தாங்கலாம் என்பது தொழிலிடப் பாதுகாப்பு வரையறை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். பந்தயக் கார் அருகில் கடக்கும்போது அதைத் தாண்டிவிடும். பஞ்சு போன்ற அடைப்பானைச் சும்மா காதில் செருகினால் பயனில்லை. விரலால் மெல்லிசாக உருட்டி, எதிர்க் கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை 30 விநாடி பிடித்திருக்க வேண்டும். உங்கள் குரலே உங்களுக்குக் கம்மினாற்போல் கேட்டால் சரியாகப் பொருந்தியிருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குக் காதை முழுக்க மூடும் மஃப் வாங்குங்கள். அதை வீட்டிலேயே இரண்டு நாள் போட்டுப் பழக்கினால் அங்கே பிடுங்கி எறியமாட்டார்கள்.

சாப்பாட்டில் ஒரு குறிப்பு. வெள்ளிக்கிழமை சைவம் என்று இருக்கும் வீடுகள் நம்மில் அதிகம், பழைய கார் நாளோ வெள்ளிக்கிழமை. திடல் கடைகளில் பர்கரும் பூர்வோர்ஸ் என்னும் இறைச்சி சாசேஜ் ரோலும்தான் முதலில் கண்ணில் படும். கொண்டுபோகலாம் என்ற விதி இருந்தால் உருளைக்கிழங்கு ரொட்டி ரோல், புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். ஒரு கையால், நின்றபடியே சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும். ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றும் பன்னி சௌவைப் பயணத்தின் வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் முதலில் பிட்

வாசல் திறந்ததும் எல்லோரும் வேலியோரம் இடம் பிடிக்க ஓடுவார்கள். நீங்கள் பிட்டுக்குப் போங்கள். காலை ஓட்டங்கள் பயிற்சிக்கானவை, சாலையும் குளிர்ந்திருக்கும், நல்ல நேரங்கள் பிறகுதான் வரும். கார்களை அருகில் பார்க்க இதைவிட நல்ல வேளை கிடைக்காது.

தென்னாப்பிரிக்காவில் மட்டுமே செய்த கார்களைத் தேடுங்கள், வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காதவை அவை. ஃபோர்டு கேப்ரிக்குள் அமெரிக்க வி8 எஞ்சினை வைத்து பேசில் கிரீன் செய்த பெரானா, 1973-இல் 100 மட்டும் செய்த ஷெவர்லே கேன்-ஆம், 250 மட்டும் செய்த ஃபோர்டு சியரா எக்ஸ்.ஆர்.8, 204 மட்டும் செய்த பி.எம்.டபிள்யூ 333ஐ. இவை பெரும்பாலும் ஒரு வகைக் காரைப் பந்தயத்துக்குத் தகுதியாக்கவும் பெயர் சம்பாதிக்கவும் பிறந்தவை. இதில் ஒன்று கண்ணில் பட்டால் பக்கத்து ஃபெராரி காத்திருக்கட்டும்.

பழைய காரின் மூடி திறந்திருந்தால் கார்பரேட்டரைப் பாருங்கள், அதைப் பற்றிக் கேளுங்கள். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்று மெலிது. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே சுமார் ஆறில் ஒரு பங்கு திறனை இழக்கும். அந்த மெலிந்த காற்றுக்கேற்ப ஜெட் (கார்பரேட்டரில் எரிபொருளை அளந்து விடும் துளை) வைத்த காரை அப்படியே கடலோர நைஸ்னாவில் ஓட்டினால், காற்று கூடி எரிபொருள் போதாமல் போகும். எஞ்சின் சூடேறும், இருமும், மோசமானால் பிஸ்டன் உருகும். அதனால் ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்திலிருந்து வருகிறவர்கள் பெரிய ஜெட் மாற்றுவார்கள், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்கள். வெளிர்பழுப்பு என்றால் சரி. வெள்ளை என்றால் எரிபொருள் குறைவு. கரி படிந்திருந்தால் அதிகம்.

பிட்டில் நடந்துகொள்ளும் முறையும் உண்டு. காரைத் தொடாதீர்கள், சாயாதீர்கள். பையின் ஜிப் கீறிய வண்ணத்துக்கு மன்னிப்பு மட்டும் போதாது. ஜாக் மேல் நிற்கும் காருக்குப் பக்கத்தில் பிள்ளைகளை விடாதீர்கள். ஓட்டுநர் பெல்ட் கட்டத் தொடங்கிவிட்டால் பேச்சுக் கொடுக்காதீர்கள். ஓடி முடித்துத் திரும்பியவரிடம் பேசுங்கள். "எந்த வளைவு உங்களுக்கு நேரம் தின்றது?" என்று கேட்டுப்பாருங்கள், பத்து நிமிடம் சொல்வார்.

நிற்கும் இடம்

அனுமதித்த பார்வையாளர் பகுதிக்குள் மட்டுமே நில்லுங்கள். வளைவின் வெளிப்பக்கம் ஏன் ஆபத்து என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். பிடிமானம் போன கார் வளைவோடு வராது, நேராக வெளிப்பக்கம் போகும். தடுப்பு ஓரளவுதான் தாங்கும். கழன்ற சக்கரம் தடுப்பைத் தாண்டிக் குதிக்கும். தடத்தைக் குறுக்கே கடப்பது, ட்ரோன் விடுவது இரண்டும் கூடாது. தடத்தில் பணி செய்பவர் விலகச் சொன்னால் காரணம் கேட்காமல் விலகுங்கள்.

மூன்று வகை இடம் உண்டு. ஒரே நாளில் மூன்றிலும் நின்று பாருங்கள்.

முதலாவது தொடக்கக் கோடு. மேட்டில் கார் பின்னால் உருளாமல் சக்கரத்துக்குக் கட்டை வைப்பார்கள். பச்சை விளக்கு எரிந்ததும் உடனே பாய வேண்டியதில்லை. கார் கோட்டிலுள்ள ஒளிக்கற்றையை வெட்டும்போதுதான் கடிகாரம் ஓடும். இங்கே பார்க்க வேண்டியது எந்தச் சக்கரம் சுழல்கிறது என்பது. மேட்டில் கிளம்பும்போது எடை பின்பக்கம் சாயும். முன்சக்கரம் இழுக்கும் பழைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கார் பாவம், முன்பக்கம் இலேசாகி டயர் சும்மா சுற்றிப் புகை விடும். பின்னால் எஞ்சின் உள்ள போர்ஷே 911-க்கு அதே சாய்வு பின்சக்கரத்தை அழுத்திப் பிடித்துத் தரும். நான்கு சக்கரமும் இழுக்கும் நிஸான் ஜி.டி.ஆர் புகையே இல்லாமல் போய்விடும், பார்க்கச் சப்பென்று இருக்கும், நேரமோ பிரமாதமாக இருக்கும். எஞ்சின் சுழற்சி சட்டென்று விழுந்து கார் முனகினால், ஓட்டுநர் கிளட்சை வேகமாக விட்டுவிட்டார் என்று பொருள். அங்கே போன அரை விநாடியை மேலே எங்கும் மீட்க முடியாது.

இரண்டாவது, பிரேக் போட்டு நுழையும் வளைவு. எங்கள் கணக்கில் நாளின் பெரும்பகுதியை இங்கேதான் கழிக்க வேண்டும். மேட்டில் புவியீர்ப்பே காரைப் பின்னால் இழுப்பதால், சமதரையைவிடத் தாமதமாகப் பிரேக் போடலாம். எவ்வளவு தாமதம் என்பதில்தான் துணிச்சல் தெரியும். வேலிக்கம்பமோ மரமோ ஏதாவது ஒன்றை அடையாளமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காரின் பிரேக் விளக்கும் அதற்கு முன்னா பின்னா எரிகிறது என்று பாருங்கள். அடுத்த ஓட்டத்தில் அதே கார் எங்கே பிரேக் போடுகிறது என்று ஒப்பிடுங்கள். முன்சக்கர இழுவைக் கோல்ஃபின் உள்பக்கப் பின்சக்கரம் வளைவில் தரையை விட்டுத் தூக்கும், பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். பின்பக்கம் பெரிதாக நழுவும் காருக்குக் கூட்டம் கைதட்டும். ஆனால் நழுவல் நேரத்தைத் தின்னும். வேகமான ஓட்டம் பெரும்பாலும் அமைதியாகத் தெரியும்.

மூன்றாவது, வேகமான பகுதி. இங்கே கண்ணைவிடக் காதுக்கு வேலை. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி போகிறாரா, நடுவே ஒரு நொடி கால் எடுக்கிறாரா என்பது சத்தத்தில் தெளிவாகத் தெரியும். அடைப்பான் போட்ட காதுக்கும் தெரியும்.

கையில் ஒரு நோட்டு

நாள் முழுக்கப் பிடிப்பு குறையாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. பந்தய எண், கார், பிரிவு, ஓட்டம் 1, 2, 3, 4 என்று பத்தி போடுங்கள். உங்களுக்குப் பிடித்த பத்துப் பன்னிரண்டு காரை மட்டும் எழுதுங்கள், எல்லாவற்றையும் எழுதப்போனால் தலை நிமிராது. ஒலிபெருக்கியிலும் திரையிலும் நேரம் சொல்வார்கள். 60 விநாடி என்றால் சராசரி மணிக்கு 114 கிலோமீட்டர், 50 என்றால் 137.

ஓட்டம் ஏற ஏற நேரம் குறைய வேண்டும், ஏனென்றால் சாலையில் ரப்பர் படிகிறது, ஓட்டுநருக்கும் வளைவு பழகுகிறது. கூடினால் காரணம் தேடுங்கள். வரிசையில் காத்திருந்த டர்போ காருக்குள் இழுக்கும் காற்று சூடாகியிருக்கலாம், அதனால்தான் விசிறியும் பனிக்கட்டியுமாக உதவியாளர்கள் நிற்கிறார்கள். பழைய காரென்றால் நின்ற நிலையில் பிளக்கில் கரி படிந்திருக்கலாம். வரிசையில் எஞ்சினை அணைத்துவிட்டுக் கையால் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தால், அது இந்த இரண்டு தொல்லையையும் தவிர்க்கத்தான். மர நிழலில் காயாத ஈரமும் வெள்ளைக் கோட்டுப் பெயின்டும் கூட நேரத்தைத் தின்னும். இது ஊர்ச்சாலை, பந்தயத் தடம் போல ஒரே சீரான தரை கிடையாது.

படம் எடுப்பது

வடக்கு எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். தென்கோளத்தில் சூரியன் வடக்கு வானில் போகும். மே மாத நண்பகலிலும் சுமார் 40 டிகிரி உயரம்தான். வடக்கை முதுகுக்கு வைத்து நின்றால் காரின் மேல் வெளிச்சம் விழும். காரோடு கேமராவையும் திருப்பி எடுக்க ஷட்டர் வேகம் 1/125 விநாடி, சக்கரம் சுழல்வது தெரியும். 1/1000-இல் எடுத்தால் கார் நிறுத்திவைத்தது போல் உறைந்துவிடும். பத்தில் எட்டு படம் கெட்டுப்போவது இயல்பு. கைப்பேசி என்றால் தொடக்கக் கோட்டில் மட்டும் எடுங்கள், வளைவில் கண்ணால் பாருங்கள்.

இடையில் நின்றுபோனால்

சிவப்புக் கொடி காட்டினால் ஒரு கார் தடத்தில் நின்றுவிட்டது, அல்லது இடித்துவிட்டது. அடுத்த கார் கிளம்பாது. எண்ணெய் சிந்தியிருந்தால் உறிஞ்சும் தூள் போட்டுத் துடைப்பார்கள், இதற்கு அரை மணி நேரமும் ஆகலாம். இடத்தை விட்டுப் போகாதீர்கள், சாப்பாட்டை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் வரிசை தலைகீழாகும். வழுவழுப்பான பந்தய டயரில் நீரை வெளியேற்றும் பள்ளம் இல்லை, அதனால் 700 குதிரைத்திறன் கார் தடுமாறும்போது நான்கு சக்கர இழுவைக் கார் முன்னே போகும். மழை நாளில் வீடு திரும்பும் கூட்டம் நல்ல பந்தயத்தைத் தவறவிடுகிறது.

மேலே ஏறிய கார்கள் அங்கேயே சேர்ந்து நின்று, பிறகு ஒன்றாக மெல்ல இறங்கும். தலைக்கவசத்தைக் கழற்றி ஓட்டுநர்கள் கையசைப்பார்கள். பிள்ளைகளை வேலிக்கு அருகே கொண்டுபோக வேண்டிய நேரம் அதுதான்.

திரும்புதல்

கடைசி ஓட்டம் முடிந்ததும் எல்லோரும் ஒரே சாலையில் இறங்குவார்கள். பரிசளிப்பு வரை இருந்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பினால் அதே நேரத்தில்தான் அறைக்குப் போய்ச் சேருவீர்கள். டர்பன் திரும்புகிறவர்கள் ஞாயிறு மாலையே புறப்படாதீர்கள். மூன்று நாள் வெயிலிலும் காற்றிலும் நின்ற உடம்பு இருட்டில் ஸ்டீயரிங் முன்னால் தூங்கும். திங்கட்கிழமை காலை 7 மணிக்கு வெளிச்சம் வந்ததும் கிளம்பி, கெபெர்ஹாவில் மலபார் பகுதியில் நம்மவர்கள் யாராவது வீட்டில் மதியச் சாப்பாடு, இரவு ஈஸ்ட் லண்டனில் தூக்கம், செவ்வாய் பகலில் கோக்ஸ்டாட் வழி. லீவு கேட்கும்போதே செவ்வாய்க்கிழமையையும் சேர்த்துக் கேளுங்கள்.